உடைக்காமலே பலம் தெரியுமா?

ஒரு எஃகுத் துண்டு எவ்வளவு இழுவிசை தாங்கும் என்று அறிய நேர்வழி, மெஷினில் மாட்டி அறுந்துபோகும்வரை இழுப்பதுதான். ஆனால் இழுத்து அறுத்த அச்சை வண்டியில் மாட்ட முடியாதே!

ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் 1900-இல் முன்வைத்த சோதனை இங்கே கைகொடுக்கிறது. 10 மி.மீ. விட்டமுள்ள குண்டை 3,000 கிலோ எடையின் விசையோடு எஃகின்மேல் அழுத்துவார்கள். எடுத்துப் பார்த்தால் பளபளவென்று ஒரு சின்னக் குழி. விட்டம் 4 மி.மீ. என்றால் கடினத்தன்மை எண் 229.

குழிக்கும் இழுவலிமைக்கும் என்ன உறவு? இரண்டிலும் உலோகம் எதிர்ப்பது ஒன்றைத்தான்: நிரந்தரமாக உருக்குலைவதை. பல துண்டுகளில் இரண்டையும் அளந்து வரைதாளில் புள்ளி வைத்தால், கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காக விழாது; ஆனால் ஒரு சாய்கோட்டை ஒட்டியே மொய்க்கும். எந்தக் கோடு? புள்ளிகள் கோட்டிலிருந்து மேலும் கீழும் விலகும் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால், எதற்குக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுவே. வால்மீன்களின் பாதையைக் கணிக்க பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805-இல் வெளியிட்ட உத்தி, பட்டறைக்கும் வந்துவிட்டது!

எஃகுக்கு அந்தக் கோட்டின் சாய்வு சுமார் 3.45. 229-ஐ அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 790 மெகாபாஸ்கல்.

இதே கோட்டைச் சாம்பல் வார்ப்பிரும்பில் போட்டால் ஏமாந்துபோவோம். குண்டு அழுத்தும்போது பெரிதாக வம்பு செய்யாத கிராஃபைட் செதில்கள், இழுக்கும்போது விரிசலாக வாய் திறக்கும். அதற்கு வேறு துண்டுகள், வேறு புள்ளிகள், வேறு கோடு.