ஒரே எக்ஸ்-ரே, இரண்டு அளவு: முதுகு வளைவை ஏஐ சரியா அளக்குமா?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதுதான் ஸ்கோலியோசிஸ். எக்ஸ்-ரேவில் வளைவின் மேலேயும் கீழேயும் அதிகம் சாய்ந்த எலும்புகளில் கோடு போட்டு, கோணத்தை அளப்பாங்க. 1948-ல் அமெரிக்க டாக்டர் ஜான் காப் தந்த முறை இது. 10 டிகிரி தொட்டால் ஸ்கோலியோசிஸ். வளரும் பிள்ளைக்கு 25 தாண்டினால் பெரும்பாலும் பிரேஸ்.

சிக்கல் என்ன?
ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் அளந்தால் 5 டிகிரி வரை மாறலாம். வளைவு கூடிடுச்சா என்று முடிவு செய்வதும் அதே 5 டிகிரியை வைத்துத்தான்!

ஏஐ என்ன செய்யும்?
டாக்டர்கள் குறித்துக் கொடுத்த படங்களைப் பார்த்து, ஒவ்வொரு எலும்பின் மூலைகளையும் கண்டுபிடிக்க டீப் லேர்னிங் பழகும். அதே படத்துக்கு அதே விடை. ஆனா, படம் மங்கலா இருந்தா தப்பும் வரும்.

மதுரைக்குப் புதுசா?
இல்லை. விழித்திரைப் படங்களில் கூகுள் ஏஐ-யை அரவிந்த் கண் மருத்துவமனை ஏற்கெனவே சோதித்திருக்கு. முதுகுக்கும் அதே கணக்குதான்: கோணத்தை மெஷின் சொல்லட்டும், சிகிச்சையை டாக்டர்தான் சொல்லணும்.