செத்த டிஸ்க்கில் இருந்தது எங்கிருந்து திரும்பி வந்தது?

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அவர்கள் சர்வரில் 4 டிபி டிஸ்க்குகள் நான்கு. ஒருநாள் அதில் ஒன்றின் விளக்கு நிறம் மாறியது, டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலர் விடாமல் கீச்சிட்டது. சர்வரை நிறுத்தாமலேயே அந்த டிஸ்க்கை உருவிப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். மறுநாள் காலையில் ஆர்டர், சம்பளப் பட்டியல், ஏற்றுமதி பில் எல்லாம் குறையில்லாமல் இருந்தன. வெறுமையாக வந்த டிஸ்க்குக்குள் செத்த டிஸ்க்கின் தகவல் எப்படி வந்தது என்பது முதல் கேள்வி. சில மாதத்திலேயே இன்னொரு டிஸ்க்கும் போனதே, ஏன் என்பது இரண்டாவது.

எங்கேயோ ஒரு நகல் இருந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நகலே கிடையாது. நான்கு டிஸ்க்கில் மூன்று டிஸ்க் அளவுக்குத் தகவல் இருக்கிறது. உபரி ஒரே ஒரு டிஸ்க்கின் இடம். நான்கில் எது செத்தாலும் அந்த உபரி அதை மீட்டுத் தந்துவிடும். எது சாகும் என்று முன்கூட்டித் தெரியவே வேண்டாம் என்பதுதான் இதில் என்னை எப்போதும் மயக்குவது.

ஷூவை வைத்தே சொல்கிறேன். நான்கு ரேக்குகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட அறைகள். முதல் மூன்று ரேக்கில் எந்த அறையிலும் ஒரு ஷூ வைக்கலாம், காலியாகவும் விடலாம். நான்காவது ரேக்கில் நிற்பவருக்கு ஒரே விதி: ஒரே எண்ணுள்ள நான்கு அறைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஷூக்கள் ஜோடி ஜோடியாக வரவேண்டும், ஒன்று தனித்து நிற்கக் கூடாது. மற்ற மூன்றில் ஒன்றோ மூன்றோ இருந்தால் தன் அறையில் ஒன்றை வைப்பார். இரண்டு இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ காலியாக விடுவார். இப்போது இரண்டாவது ரேக் எரிந்துபோகிறது. அதன் 57ஆம் அறையில் என்ன இருந்தது? மிச்சமுள்ள மூன்று ரேக்கின் 57ஆம் அறைகளை எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் ஷூ இருந்தது, இரட்டைப்படை என்றால் காலி. 4 டிபி டிஸ்க்கில் இப்படி 32 லட்சம் கோடி அறைகள். கன்ட்ரோலர் இரவெல்லாம் உட்கார்ந்து செய்தது இந்த எண்ணிக்கையைத்தான்.

ஜோடி பார்க்கும் வேலையை ஒரே ரேக்கில் வைத்தால் எல்லா மாற்றத்துக்கும் அங்கே கூட்டம் கூடும். அதனால் 'ரெய்டு 5' முறையில் அந்தப் பொறுப்பு நான்கு டிஸ்க்குக்கும் முறைவைத்துச் சுற்றும். முதல் ரேக்கின் 57ஆம் அறை மாறினால் எல்லா ரேக்கையும் திரும்ப எண்ண வேண்டியதில்லை. அங்கே மாறியது, எனவே ஜோடி பார்க்கும் அறையையும் மாற்று, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பழைய தகவலையும் பழைய ஜோடிக் கணக்கையும் படிக்க வேண்டும், பிறகு புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஒரு சின்ன எழுத்து நான்கு வேலையாகிறது. இரண்டு எழுத்துகளுக்கும் நடுவில் கரன்ட் போனால்? ஒரு ரேக்கில் ஷூ மாறிவிட்டது, ஜோடிக் கணக்கு பழையபடியே நிற்கிறது. கரன்ட் வந்த பிறகு யாருக்கும் சந்தேகம் வராது. என்றைக்கோ ஒரு டிஸ்க் சாகும்போது கன்ட்ரோலர் இந்தத் தப்புக் கணக்கை வைத்து எண்ணி, இல்லாத ஷூவை இருந்ததாகச் சாதிக்கும். கன்ட்ரோலர் கார்டில் பேட்டரியோ, பெரிய மின்தேக்கியோடு ஃபிளாஷ் நினைவகமோ இருப்பது இந்த நொடிக்காகத்தான். அந்த பேட்டரி செத்த பிறகு வேகம் போதவில்லை என்று எழுத வேண்டியதைத் தற்காலிகமாகத் தாங்கும் கேஷ் நினைவகத்தைக் கட்டாயமாக ஆன் செய்துவைப்பவர்கள் தங்கள் கணக்கையே பணயம் வைக்கிறார்கள்.

இரண்டு ரேக் ஒன்றாக எரிந்தால் ஜோடி விதி கைவிட்டுவிடும். 'ரெய்டு 6' இரண்டாவது விதி ஒன்றையும் வைத்திருக்கிறது. அது கணிதவியலர் கால்வாவின் பெயர் தாங்கிய இயற்கணிதம். ஷூவில் அடங்காது.

வரலாறு தேவைப்படுபவர்களுக்கு: ஐபிஎம் நிறுவனத்தின் நார்மன் கென் ஒவ்ச்சி 1978-இல் செத்த டிஸ்க்கின் தகவலை இப்படி மீட்கும் முறைக்கு ஒரு காப்புரிமை பெற்றார். ரெய்டு என்ற பெயரையும் வகைகளையும் 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் தந்தார்கள்.

அந்த 1988 கட்டுரையின் கணக்கு ஒரு அனுமானத்தில் நிற்கிறது: ஒரு டிஸ்க் சாவதற்கும் அடுத்தது சாவதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. அதே கிப்சன், பியான்கா ஷ்ரோடருடன் சேர்ந்து 2007-இல் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவேடுகளைப் பார்த்தார். தயாரிப்பாளர்களின் தாளில் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் பழுதாகும் என்றிருந்தது. நடப்பில் பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்பட்டிருந்தன. சாவுகளும் தனித்தனியாக வரவில்லை, அடுத்தடுத்துச் சேர்ந்தே வந்தன. ஒரே நாளில் ஒரே பெட்டியில் வாங்கி, ஒரே சூட்டில் ஓடும் டிஸ்க்குகள் வேறெப்படிச் சாகும்?

ஆம்பூரில் அவை ஒரே காற்றையும் சுவாசிக்கின்றன. அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளில் தோலில் முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு ஊறவைப்பார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு கலக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு சர்க்யூட் போர்டுகள் பலவற்றில் வெள்ளிப் பூச்சு வந்தது. வெள்ளிக்கும் செம்புக்கும் கந்தகம் ஆகாது. ஈரக்காற்றும் சேர்ந்தால் பூச்சு விட்ட இடத்திலிருந்து செம்பு சல்ஃபைடு கரும்படலமாக ஊர்ந்து பக்கத்துக் கம்பித்தடத்தைத் தொடும். தொட்டால் ஷார்ட். ஹீலியம் அடைத்து மூடிய டிஸ்க்கும் தப்பாது; அதன் போர்டு வெளியேதான் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் 3 பங்குக்குள் இருந்தால்தான் கருவிகளுக்கு நல்ல காற்று என்கிறது ஐஎஸ்ஏ என்ற தானியங்கித் துறை அமைப்பின் தரவிதி. 30 நாளில் செம்பில் 300, வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாகவே அரிப்பு இருக்க வேண்டும்.

வாசகரின் சர்வரில் இதுதான் நடந்தது என்று போர்டைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். பழைய டிஸ்க்கின் போர்டைக் கழற்றி, பூச்சு விளிம்புகளில் கறுப்பு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் சர்வர் அறை ஜன்னலை மூடி ஏசி போடுங்கள், ஈரத்தைக் குறையுங்கள், கரி வடிகட்டி பற்றி விசாரியுங்கள். அடுத்த முறை நான்கு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள்.

விற்பவர்கள் ரெய்டு இருந்தால் டேட்டா போகவே போகாது என்பார்கள். நம்பாதீர்கள். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் நான்கு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். பணம் பறிக்கும் வைரஸ் பூட்டிய கோப்புக்கும் கன்ட்ரோலர் ஒழுங்காக ஜோடி பார்த்து வைக்கும். தினமும் ஒரு நகல் வேறு கட்டடத்துக்கு, முடிந்தால் வேறு ஊருக்குப் போகட்டும். இந்த மாதமே அதிலிருந்து ஒரு சம்பளப் பட்டியலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.