துடிப்பு எவ்வளவு, சிஸ்டர்?

கருப்பை வாய் முழுதாகத் திறந்து தாய் முக்கத் தொடங்கும்போது வீட்டார் நிம்மதி அடைவார்கள். தாண்டியது பாதிக் கிணறுதான். வலி ஏறும்போதெல்லாம் நச்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தால் அதுவும் நசுங்குகிறது. குழந்தை திணறுவது அப்போதுதான்.

அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையிலுள்ள பாலவனத்தத்தில் அன்று பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு இந்தத் திணறல் தெரிய ஒரே வழி, பனிக்குடத்து நீர் பச்சையாக வருவது. தெரிந்த பிறகும், "முக்கு தாயி, முக்கு" என்பதைத் தவிர அவள் கையில் என்ன இருந்தது? கொடி மாலையாகச் சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்றார்கள். ஆபத்து மாமனுக்கல்ல, அந்தப் பிள்ளைக்கு. இவ்வூர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட 1901-இல், பாரிஸ் மருத்துவர் பினார்டின் மரக்குழலுக்கு வயது ஆறு. கருவின் இதயத்தைக் கேட்கும் அந்தக் குழல் கரிசல் காட்டு வீடுகளுக்குள் நுழைய நெடுங்காலம் ஆனது.

இன்று கையடக்க டாப்ளர் இருக்கிறது. முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, வலியின்போதும் அது தளர்ந்த பிறகும் சேர்த்து ஒரு நிமிடமாவது கேட்க வேண்டும். துடிப்பு நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் இடையே இருப்பது இயல்பு. வலியின்போது இறங்கி உடனே ஏறினால் கவனித்தபடி இருக்கலாம். தளர்ந்த பிறகும் ஏறாவிட்டால் காத்திருக்கக் கூடாது. தாயை இடப்பக்கம் ஒருக்களிக்க வைக்கிறார்கள், வலியைத் தூண்டும் ஊசி ஏறினால் நிறுத்துகிறார்கள், ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், சில வலிகளுக்கு முக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். அப்படியும் தேறாவிட்டால், தலை நன்றாக இறங்கியிருக்கும்பட்சத்தில் வேக்யூம் அல்லது ஆயுதம் போட்டு எடுக்கிறார்கள், இறங்காவிட்டால் சிசேரியன்.

பயணமும் மாறிவிட்டது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஒருபக்கம் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை. மறுபக்கம் விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி.

மாறவேண்டியதும் உண்டு. வயிற்றின் மேலிருந்து அமுக்கிக் குழந்தையைத் தள்ளும் பழக்கம் இன்னும் பல இடங்களில் ஒழியவில்லை. முக்கும் கட்டத்தைச் சுருக்க அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே திணறும் குழந்தைக்கு அந்த அமுக்கல் இன்னொரு சுமை என்றே நான் நினைக்கிறேன். மூச்சைப் பிடித்து முக்கும்படி தாயை அதட்டுவதும் அப்படித்தான். அவள் உடம்பு முக்கச் சொல்லும்போது முக்கினால் போதும்.

இரவில் ஒரே செவிலியர் இரண்டு மூன்று தாய்மாரைப் பார்க்கும்போது அந்த ஐந்து நிமிடம் நழுவிவிடுகிறது. பிரசவ அறையில் உடன் நிற்கும் அம்மாவோ அத்தையோ, "சிஸ்டர், துடிப்பு எவ்வளவு இருக்கு?" என்று தயங்காமல் கேட்கலாம்.