பருந்தின் பத்து மணி

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில், டி. கல்லுப்பட்டியைக் காலை ஏழு மணிக்குக் கடப்பவர்கள் வானத்தில் பருந்தைத் தேட வேண்டியதில்லை. புளியமரத்து உச்சியிலும் செல்போன் கோபுரத்திலும் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காக்கையும் மைனாவும் பாதி நாள் வேலையை முடித்த பிறகும் அதற்கு அவசரம் கிடையாது. வெயில் ஏறி, மணி பத்தை நெருங்கும்போதுதான் ஒன்று கிளையை விட்டுக் கிளம்பும். உழுதுபோட்ட கரிசல் காட்டின் மேல் தாழ்வாகப் போய், நமக்கு எந்த அடையாளமும் தெரியாத ஓரிடத்தில் சட்டென்று ஒருக்களித்துத் திரும்பும். அப்புறம் சிறகடிப்பே இல்லை. வட்டம், அதற்கு மேல் இன்னொரு வட்டம். கொஞ்ச நேரத்தில் தேவன்குறிச்சி மலைக்கும் மேலே புள்ளியாகிவிடும்.

கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் நீர் வார்க்கும் வேளையில் கருடன் வந்து வட்டமிடுமா என்று ஊரே அண்ணாந்து பார்க்கும். வந்துவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். கருடன் என்று நாம் கும்பிடும் செம்பருந்து அந்த நேரத்தில் வருவதற்கு வெயிலும் காற்றும் ஒரு காரணம் சொல்லும். அந்தக் காரணம் தெரிந்த பிறகு எனக்குக் கும்பிடத் தோன்றுவது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கரிசல் கறுப்பு மண். வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே இருக்கும் கம்மாய்த் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. பயிர் நிற்கும் தோட்டமும் அப்படித்தான். இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. கரிசலை ஒட்டிக் கிடக்கும் காற்று சூடாகி, விரிந்து, லேசாகி, ஒரு கட்டத்தில் தரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். பங்குனி, சித்திரையில் சருகையும் புழுதியையும் பாலித்தீன் பையையும் சுருட்டிக்கொண்டு சுழிக்காற்று எழும்புகிறதே, அப்போதுதான் இந்த ஏறுகாற்றின் அடிப்பாகம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைய, அந்தக் காற்று இன்னும் விரியும். விரிய விரியக் குளிரும். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி. சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். அதிலுள்ள ஈரம் குளிர்ந்து திரளும் உயரத்தில் வெள்ளை மேகம் பூக்கும். மத்தியான நேரத்தில் சதுரகிரி மலைப் பக்கம் தட்டையான அடியோடு நிற்கும் மேகப் பொதிகள், கீழே ஏதோ ஒரு காடு வெயிலில் காய்ந்ததற்குக் கிடைத்த ரசீதுகள்.

பருந்து ஏறுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது காற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அது இறங்குவதைவிட வேகமாகக் காற்று மேலே போகிறது, அவ்வளவுதான்.

இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம். உடம்பால் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் திறந்த இருக்கை வைத்த மைக்ரோலைட் விமானத்தில் ஓர் அறிமுகப் பாடம் வேண்டும். நம் பக்கத்தில் அது இன்னும் அபூர்வம். இத்தனைக்கும் பெங்களூரின் ராஜஹம்சா நிறுவனம் இந்த வகைக் குட்டி விமானங்களைச் செய்து வெளிநாடுகளுக்கே அனுப்பியிருக்கிறது. ஆனால் திறந்த வெளியில் உட்கார்ந்து பறப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்சன் பட்டறையில் செய்வித்த விமானத்தில் 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். அன்றைக்கு விமானம் என்றாலே அப்படித்தான், ஓட்டுகிறவர் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார்.

இவற்றில் எளிமையானது டிரைக் எனப்படும் மூன்று சக்கர வகை. மேலே அலுமினியக் குழாயில் இழுத்துக் கட்டிய துணிச்சிறகு. அதன் கீழே தொங்கும் சட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக இருவருக்கு இடம். முதுகுக்குப் பின்னால் எஞ்சினும் விசிறியும். முன்னால் குறுக்காக ஒரு குழாய், அதுதான் கைப்பிடி. அதை முன்னே தள்ளினால் மூக்கு உயர்ந்து வேகம் குறையும். நெஞ்சை நோக்கி இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் திரும்பும். பைக் ஓட்டிப் பழகிய கைக்கு இது ஏறுக்குமாறு. கைப்பிடி சிறகோடு சேர்ந்தது என்பதால், அதை வலப்பக்கம் தள்ளும்போது நம் உடம்பு இடப்பக்கம் நகர்கிறது. எடை விழும் பக்கம் சிறகு சாய்கிறது. காலுக்குக் கீழே தரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை. எருமூட்டப் புகை மூக்கில் ஏறுகிறது. உழுத நிலத்தைத் தாண்டித் தண்ணீருக்கு மேல் போகும்போது முகத்தில் படும் காற்று மாறுகிறது. வயல் விளிம்பில் இருக்கைக்கு அடியிலிருந்து யாரோ கையால் தள்ளுவது போல ஓர் உந்தல். காற்று வெறும் வெளியல்ல, அதற்கு மேடும் பள்ளமும் கரையும் உண்டு என்று முதல் பத்து நிமிடத்திலேயே முதுகெலும்புக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் பாடம் விடியற்காலையில்தான். பயிற்றுநர்கள் இதில் கறாராக இருப்பார்கள். வெயில் ஏறினால் ஏறுகாற்று கிளம்பும், புதியவரின் கை தாங்காது. ஆகவே மாணவர் இறங்கி டீ குடிக்கும் நேரத்தில்தான் பருந்து தன் வேலையைத் தொடங்குகிறது! எஞ்சினும் பெட்ரோலும் வைத்திருக்கும் நாம் எதைக் கண்டு ஒதுங்குகிறோமோ, அதற்காகத்தான் அது விடிந்ததிலிருந்து காத்திருக்கிறது.

இப்படி உடம்பைச் சாய்த்துப் பறக்கும் வித்தைக்கு முன்னோடி ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால். நாரைகளைப் பார்த்துப் பார்த்து, பறவைகளின் பறப்பைப் பற்றி 1889-இல் நூல் எழுதியவர். 1891 முதல் குன்றுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 தடவை சறுக்கிப் பறந்தவர். 1896 ஆகஸ்டில் ஒரு வெயில் நாளில், திடீரென்று கீழிருந்து வந்த காற்று அவருடைய சிறகைத் தூக்கி நிறுத்தியது. வேகம் செத்தது, பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார், மறுநாள் உயிர் பிரிந்தது. எந்தக் காற்று பருந்தை ஏந்துகிறதோ, அதே காற்று.

பருந்துக்கு மட்டும் ஏன் அப்படி ஆவதில்லை? சுற்றுச்சுவரில் அது வந்து இறங்குவதைக் கிட்டத்தில் பாருங்கள். வேகம் குறையக் குறையச் சிறகை அண்ணாந்து பிடிக்கும். அந்த நிலையில் சிறகின் மேல் ஓடும் காற்று பிய்ந்துபோனால் பறவை கல்லாக விழ வேண்டியதுதான். அந்தக் கணத்தில் சிறகின் முன்விளிம்பில், நம் கட்டைவிரல் இருக்கும் இடத்தில், சின்ன இறகுக் கொத்து ஒன்று தானாக எழும்பி நிற்கும். அதற்கும் சிறகுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகப் பாயும் காற்று, மேற்பரப்பை விட்டுக் காற்று விலகாமல் பிடித்து வைக்கிறது. பெரிய விமானங்கள் தரையிறங்கும்போது இறக்கையின் முன்விளிம்பு நீண்டு ஓர் இடைவெளி விடுகிறதே, அது செய்வதும் இதே வேலையைத்தான். நமக்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது, முட்டையிலிருந்து வந்த பருந்துக் குஞ்சுக்குக் கூடவே முளைக்கிறது.

வால் இன்னொரு அதிசயம். ஊர்ப்பருந்தின் கவட்டை வால் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டே, குழம்பிக் கிடக்கும் காற்றுக்கு ஈடு கொடுத்துக்கொண்டே இருக்கும். சிறகு நுனியில் விரித்த விரல்கள் போல நிற்கும் இறகுகள், அங்கே உண்டாகும் சுழலைச் சிதறடித்து இழுவையைக் குறைக்கின்றன. உள்ளே காற்றோடும் எலும்பு. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப் பைகள். மூச்சை உள்ளே இழுத்தாலும் வெளியே விட்டாலும் நுரையீரலில் காற்று ஒரே திசையில்தான் ஓடும்; நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏறுகாற்றை அது எப்படி மோப்பம் பிடிக்கிறது? 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் எஞ்சினை ஓட்டாமல் மிதக்கும் சிறு கிளைடர் ஒன்றைத் தானே கற்றுக்கொள்ளும்படி வானில் விட்டார்கள். மேல்நோக்கிய உந்தலையும், இரு சிறகுகளிலும் காற்று தரும் தள்ளலில் உள்ள வித்தியாசத்தையும் உணர்ந்தால் போதும், ஏறுகாற்றுக்குள் நிற்கலாம் என்று தெரிந்தது. திறந்த இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு முதுகில் மங்கலாகக் கிடைத்த செய்தியும் அதுதான். பருந்து அதைச் சரளமாக வாசிக்கிறது. படைத்தவன் எதையும் விடவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பறவை மனிதனுக்குக் கற்றுக்கொடுத்த கதை போதும். மனிதன் பறவைக்குப் பாடம் எடுத்ததும் நடந்திருக்கிறது, அதுவும் இந்தக் குட்டி விமானத்தை வைத்தே. கனடாவின் சிற்பி பில் லிஷ்மன், 1993-இல் தன் மைக்ரோலைட்டின் பின்னால் வாத்துக் கூட்டம் ஒன்றைப் பழக்கி ஒன்டாரியோவிலிருந்து வர்ஜீனியாவுக்கு அழைத்துப் போனார். அடுத்தது இன்னும் பெரிய காரியம். ஹூப்பிங் கிரேன் என்ற வெள்ளைப் பெருங்கொக்கு 1941 வாக்கில் காட்டில் இருபது சொச்சமாகச் சுருங்கிவிட்ட இனம். மனிதர்கள் வளர்த்த குஞ்சுகளுக்கு வலசைப் பாதையைக் காட்டத் தாய் தகப்பன் இல்லை. 2001 இலையுதிர் காலத்தில் விமானிகள் வெள்ளை அங்கியால் உடம்பை மறைத்து, குஞ்சுகளின் காதில் மனிதக் குரலே விழாமல் பார்த்துக்கொண்டு, விஸ்கான்சினிலிருந்து புளோரிடாவுக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் டிரைக்கில் முன்னே பறந்தார்கள்.

அங்கேயும் அதே நிர்ப்பந்தம்தான். துணிச்சிறகுக்கு அமைதியான காலைக் காற்று வேண்டும். காற்று சரியில்லாத நாளெல்லாம் தரையில்தான். குஞ்சுகள் பின்னால் சிறகடித்துச் சிறகடித்துப் போக, பயணம் ஒன்றரை மாதத்துக்கு மேல் இழுத்தது. குளிர்காலத்தில் சில காட்டுப்பூனைக்கு இரையாக, 5 கொக்குகள் மிஞ்சின. 2002 ஏப்ரலில் அவற்றை யாரும் கூப்பிடவில்லை, எந்த விமானமும் முன்னே போகவில்லை. வெயில் ஏறக் காத்திருந்து, ஏறுகாற்றைப் பிடித்து வட்டமிட்டு உயர்ந்து, அங்கிருந்து வடக்கே சறுக்கி, அடுத்த ஏறுகாற்றைப் பிடித்து, பெரும்பாலானவை பத்துப் பதினோரு நாளில் விஸ்கான்சினில் போய் இறங்கிவிட்டன. விமானம் அவற்றுக்குப் பாதையைத்தான் காட்டியது. ஏறுகாற்றில் மிதந்து போகலாம் என்பதை அது காட்டவே இல்லை, காட்டியிருக்கவும் முடியாது.