தேன்குடுவையும் மூன்றாம் சபைச் சகோதரரும்

புரூஃப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். கதை எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு எழுத்தைத்தான் பார்ப்போம். ஆன்டன் ஃபான் ஃபோர் என்ற ஜெர்மன் பாதிரியார் எனக்குப் பிடித்துப்போனதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

ரைன் ஆற்றங்கரையில் உள்ள பிரைசாக் ஊர்க்காரர். நெக்கர் ஆற்றங்கரையில் ரோட்டன்பர்க் என்ற ஊரில் பங்குத்தந்தையாக இருந்தார். 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் பஞ்சதந்திரத்தை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். ‘பண்டைய ஞானிகளின் உதாரணக் கதைகள்’ என்று தலைப்பு. மொழிபெயர்த்தது யார் என்று நூலில் வெளிப்படையாக ஒரு வரி கிடையாது. ஆனால் பகுதிகள் தொடங்கும் முதல் எழுத்துகளை மட்டும் வரிசையாக எடுத்துக் கோத்தால் ‘ஏபர்ஹார்ட், வூர்ட்டம்பெர்க் பிரபு’ என்று வருகிறது. கூடவே ‘அட்டெம்ப்டோ’ என்ற லத்தீன் சொல். ‘துணிகிறேன்’ என்பது அந்தப் பிரபுவின் கொள்கை வாக்கு. இப்படியே எழுத்துகளுக்குள் தன் பெயரையும் பாதிரியார் ஒளித்துவைத்திருக்கிறார். அச்சுக்கோத்தவர் ஒரு பத்தியைச் சேர்த்துப் போட்டிருந்தாலோ, ஒரு தலையெழுத்தை மாற்றியிருந்தாலோ பிரபுவும் பாதிரியாரும் காணாமல் போயிருப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏபர்ஹார்ட் 1445இல் பிறந்தவர். தகப்பனார் சீக்கிரம் போய்விட்டார். மகனுக்கு லத்தீன் கற்பிக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் லத்தீன் தெரியாதவனுக்குப் படிப்பே இல்லை. அந்தக் குறை அவரை விடவில்லை போலிருக்கிறது: ஆள் வைத்து லத்தீன் நூல்களை ஜெர்மனாக்கச் சொன்னார், 1477இல் ட்யூபிங்கனில் ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்கினார். அவருடைய தாயார் மெக்டில்ட் ரோட்டன்பர்க்கில்தான் அரண்மனை வைத்திருந்தார். புத்தகப் பித்து உள்ள அம்மாள். பாதிரியாருக்கு இந்த வேலை வந்து சேர்ந்த வழி இப்போது புரியும். படிப்பு ஏறாத ராஜகுமாரர்களுக்காக விஷ்ணுசர்மா சொன்னதாகத் தொடங்கும் நூல், சுற்றிச் சுற்றி, படிக்க விடப்படாத ஒரு நிஜப் பிரபுவின் கையில் போய் விழுந்திருக்கிறது.

சுற்று என்றால் சாதாரணச் சுற்றல்ல. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் குஸ்ரோ அனுஷிர்வானின் வைத்தியர் புர்சோ சமஸ்கிருதத்திலிருந்து பஹ்லவிக்குக் கொண்டுபோனார். 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா அதை ‘கலீலா வ திம்னா’ என்று அரபியாக்கினார். நம் நரிகள் கரடகனும் தமனகனும்தான் அந்தக் கலீலாவும் திம்னாவும். சூழ்ச்சிக்கார திம்னா தண்டனையில்லாமல் தப்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. தன் பங்குக்கு ஒரு விசாரணை அத்தியாயத்தைச் சேர்த்து அவனைக் கூண்டில் ஏற்றினார். அரபியிலிருந்து எபிரேயம். எபிரேயத்திலிருந்து, யூதராகப் பிறந்து கிறிஸ்தவரான கப்புவா ஜான், 13ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றினார். அந்த லத்தீன்தான் நம் பாதிரியாரின் மூலம். வழியில் விஷ்ணுசர்மா தொலைந்துபோய், சென்டெபார் என்றொரு ஞானி வந்து உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் இது முதலில் இந்திய மொழியில் உண்டானது, பிறகு இன்னின்ன மொழி என்று முன்னுரையிலேயே முறையாகச் சொல்லியிருக்கிறார்கள். மூலத்தை மறைத்துச் சொந்தச் சரக்காகக் காட்டும் புத்தகங்களை நிறையப் பார்த்தவன் என்பதால் இந்த நாணயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சத்துமாவுப் பானைக் கதை நமக்குத் தெரியும். பிச்சையெடுத்த மாவைப் பானையில் கட்டித் தொங்கவிட்ட பிராமணன், படுத்துக்கொண்டே ஆடு, மாடு, குதிரை, கல்யாணம், பிள்ளை என்று கனவு வளர்த்து, பெண்டாட்டியை உதைப்பதாக நினைத்துப் பானையை உதைத்துவிடுவான். லத்தீனில் அவன் ஒரு துறவி. மாவு தேனாகிவிட்டது, ராஜாவின் அடுப்படியிலிருந்து தினமும் வருகிற தேன். காலுக்குப் பதில் கைத்தடி.

ஆனால் துறவிக்குக் கல்யாணக் கனவு எப்படி வரும்? அவர் பெண்டாட்டியும் பிள்ளையும் என்று பேசுவதைக் கேட்டால் ரோட்டன்பர்க் சபையார் சிரிப்பார்களா, முகம் சுளிப்பார்களா? ஆன்டன் அந்த ஆளை ‘மூன்றாம் சபைச் சகோதரர்’ ஆக்கிவிட்டார். நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு மூன்றாம் சபை என்றால் விளக்க வேண்டியதில்லை: வீட்டில் இருந்தபடியே, குடும்பத்தோடு, துறவிகளின் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிற இல்லறத்தார். அப்படிப்பட்டவர் தேனை விற்றுப் பத்து ஆடு வாங்கி, ஆடு பெருகி, நல்ல இடத்தில் பெண் எடுத்து, சொல்பேச்சு கேட்காத மகனை அடிக்கத் தடியை ஓங்கினால் அதில் குற்றம் இல்லை, தேன்தான் போச்சு. இதற்காகத்தான் மாற்றினார் என்பது என் ஊகம். வாசகன் எங்கே தடுக்குவான் என்று பார்த்து அந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, மற்றதை அப்படியே விட்ட கை. நான் வேலை செய்த மொழிபெயர்ப்புகளில் இந்தக் கை அபூர்வம்.

கீரிப்பிள்ளைக் கதையில் மாற்றம் அவருக்கு முன்பே நடந்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில்கூட வரும் அந்தக் கீரி, லத்தீனிலேயே நாயாகியிருந்தது. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்து, வாயில் ரத்தத்தோடு வந்து அடிபட்டுச் சாகிறது. ஜெர்மனியில் கீரியை யார் கண்டார்கள்?

புத்தகம் ஊராக் நகரில் கொன்ராட் ஃபீனரின் அச்சகத்தில் 1480 வாக்கில் அச்சேறியது. அதற்கு மூலமான லத்தீன் நூல் அச்சுக்கு வந்ததே 1489 வாக்கில், ஸ்ட்ராஸ்பர்கில்! மகன் தகப்பனை முந்திவிட்டான். 1483இல் உல்ம் நகரத்தில் லீன்ஹார்ட் ஹோல் நூற்றுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களோடு அழகாகப் போட்டார். அதற்கு முந்தின வருஷம் தாலமியின் பூகோளத்தை உலகப் படத்தோடு அச்சிட்ட அதே ஆள். உல்ம் பதிப்புக்கு அடுத்த வருஷம் கடனில் மூழ்கி ஊரை விட்டே போனார். நல்ல தாளில் நல்ல படம் போடுகிற அச்சகக்காரர்களின் ஜாதகம் எந்த ஊரிலும் ஒன்றுதான். பாதிரியாரும் அந்த 1483இலேயே காலமானார்.

கையெழுத்துப் படிகளும் உண்டு. ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஜெர்மன் சுவடி எண் 84, பெரிய வண்ணப் படங்களோடு, இணையத்தில் யாரும் இலவசமாகப் புரட்டிப் பார்க்கலாம். முப்பதாண்டுப் போரில் ஹைடல்பர்க் நூலகமே கொள்ளைபோய் ரோமுக்குச் சென்றது. ஜெர்மன் சுவடிகள் 1816இல்தான் திரும்பி வந்தன. அந்தப் பழைய ஜெர்மனை எழுத்துக்கூட்டத்தான் எனக்கு வரும். படத்துக்கு அது போதும்.

தேன்குடுவை அதோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் ‘சோம்பேறி ஹைன்ஸ்’ கதையில் மறுபடி வருகிறது. இங்கே சாமியார் இல்லை. ஹைன்ஸும் பெண்டாட்டி ட்ரீனேயும். கட்டிலுக்கு மேலே தேன்குடுவை. தேனைக் கொடுத்து வாத்து வாங்கலாம் என்கிறான் அவன். அதை மேய்க்க ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் என்கிறாள் அவள். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்குமா என்கிறான் அவன். கேட்காவிட்டால் இப்படித்தான் என்று அவள் தடியை வீச, குடுவை நொறுங்குகிறது. ஹைன்ஸ் கோபப்படவில்லை. குடுவை தன் தலையில் விழாதது நல்லதாய்ப் போயிற்று என்கிறான். உடைந்த ஓட்டில் கொஞ்சம் தேன் ஒட்டியிருந்தது. இருவரும் அதைச் சாப்பிட்டுவிட்டு, பயந்த களைப்புத் தீரக் கொஞ்சம் படுக்கலாம் என்கிறான்.