சிப்பாயின் தலையில் இருக்கிறது அடையாளம்

கதவு நிலையைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. பெயர்த்தால் உள்ளே கறையான். உடனே மருந்தடிப்பவரைக் கூப்பிடுகிறோம். எந்தக் கறையான் என்று கேட்பதில்லை. உலகில் ஏறத்தாழ 3,000 சிற்றினங்கள் உண்டு. வீட்டுக்கும் பயிருக்கும் கேடு செய்பவை அவற்றில் சிறு பங்குதான்.

மரத்தை அரிப்பவை வேலைக்காரக் கறையான்கள். ஆனால் அவற்றைப் பார்த்து இனம் சொல்வது நிபுணருக்கே கடினம். கூட்டத்தின் சிப்பாய்க் கறையானைத்தான் தேட வேண்டும். மண்குழாய் கட்டி ஏறிவரும் கோப்டோடெர்மஸ் சிப்பாய்க்கு முன்புறம் குறுகிய தலை. சீண்டினால் நெற்றித் துளையிலிருந்து பால் நிறத் திரவம் கசியும். காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கிரிப்டோடெர்மஸ் சிப்பாயின் தலை முன்பக்கம் வெட்டிவிட்டாற்போல் மொட்டை. வளையின் வாயை அதாலேயே அடைத்துக்கொள்ளும். இதற்கு மண்ணோடு ஒட்டுறவே கிடையாது. அஸ்திவாரத்தைச் சுற்றித் துளையிட்டு மருந்து ஊற்றினால் பணம்தான் வீண். சிப்பாய் சிக்காவிட்டால் மரத்தடியில் கசகசாவாய் உதிர்ந்து கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு மணியிலும் ஆறு பட்டைகள் தெரிந்தால், அது காய்ந்த மரக் கறையான்தான்.

கறையானை இனம் காண்பதில் வகைப்பாட்டாளர்களும் தடுமாறியிருக்கிறார்கள். பர்மாவில் கிடைத்த ஒரு கறையானுக்கு 1896-இல் வாஸ்மன் கோப்டோடெர்மஸ் ஜெஸ்ட்ராய் என்று பெயரிட்டார். தாய்லாந்தில் கிடைத்ததை 1911-இல் ஹோம்கிரென் ஹேவிலாண்டி என்றார். பிலிப்பைன்ஸில் வீடுகளை அரித்ததை 1929-இல் லைட் வாஸ்டேட்டர் என்றார். மலேசியாவில் கட்டடங்களைத் தின்றதையோ, காட்டில் வாழும் டிராவியன்ஸ் என்று தவறாக அழைத்துவந்தார்கள். எல்லாம் ஒன்றே! 2003-இல் கிர்ட்டனும் பிரவுனும் இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் தீர்த்தார்கள்; 2007-இல் வாஸ்டேட்டரும் ஜெஸ்ட்ராயில் சேர்ந்தது. நாட்டுக்கொரு பெயரில் செய்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பூச்சியைப் பற்றியவை என்பது அதன்பிறகே தெளிவானது.

ஜெஸ்ட்ராயின் நெருங்கிய உறவான ஃபார்மோசா கறையான் இன்னும் பேர்போன கட்டட நாசகாரன். இரண்டையும் பிரிக்க நெற்றித் துளையருகே உள்ள மயிரை எண்ணுவார்கள்: ஜெஸ்ட்ராய் சிப்பாய்க்கு ஒரு ஜோடி, ஃபார்மோசா சிப்பாய்க்கு இரண்டு. தெற்கு புளோரிடாவிலோ இந்த இரண்டின் ஈசல்களும் ஒன்றோடொன்று இணைவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், ஆய்வகத்தில் கலப்பினக் குடும்பங்கள் தழைக்கவும் செய்தன.