மாலை, பொன்னாடை, நன்றியுரை... அப்புறம்?

மாசத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு காட்சி. கடை, ஆபீஸ் என்று போய் வந்த ஆண்கள் முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டு, அதில் குட்டியாக ஒரு பேட்ஜைக் குத்திக்கொண்டு கிளம்புவார்கள். "எங்கே?" என்று கேட்டால் "கிளப் மீட்டிங்" என்று பதில் வரும். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரரும் இப்படித்தான் கிளம்பினார். என் மாமியாரோ கிளப் என்றால் சீட்டாட்டம் என்று நினைத்து ரொம்ப நாள் மனசுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார், பாவம்!

ஒருநாள் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்கு மாலை, பொன்னாடை, அவருடைய பேச்சு, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேசிய கீதம், சாப்பாடு. திரும்பி வரும்போது மாமியார் சொன்னார்: "பேசினவர் நல்லாத்தான் பேசினாரு. ஆனா என்ன பண்ணணும்னு யாருமே சொல்லலியே!"

எங்கள் ஊரில் சிறப்பு விருந்தினருக்குப் பஞ்சமே கிடையாது. அண்ணாமலையார் தரிசனத்துக்கு வராத பெரிய மனிதர் உண்டா? டாக்டர், நீதிபதி, பேராசிரியர் என்று யார் வந்தாலும், "காலையில் சாமி தரிசனம், சாயங்காலம் நம்ம மீட்டிங்" என்று செக்ரெட்டரி மடக்கிவிடுவார். விருந்தினருக்கு டிபன் பண்ணிப் போடுவது நாம்.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண், இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு வந்து, "ஏன்க்கா, இவங்க வாராவாரம் கூடிப் பேசி என்னதான் சாதிக்கிறாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வீட்டுக் கதை. என் தம்பி பிறந்தது 1974-ல். ஒன்றரை வயசில் இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் தூக்கி நிறுத்தினால் வலது கால் துணி மாதிரித் தொங்கியது. அம்மா சுற்றாத கோயில் இல்லை, தேய்க்காத எண்ணெய் இல்லை. கடைசியில்தான் அது இளம்பிள்ளைவாதம், போலியோ என்று தெரிந்தது. இன்றைக்கு அவன் பேங்க்கில் நல்ல வேலையில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். ஆனால் காலில் இரும்புக் கம்பி போட்ட பூட்ஸோடு அவன் பள்ளிக்கூடப் படி ஏறும் 'டக் டக்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நாளில் ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளையாவது இருக்கும். இப்போது உங்கள் குழந்தையின் வகுப்பில் தேடிப் பாருங்கள். இருக்காது. அது எப்படி நடந்தது என்கிற கதையில் நம்ம பக்கத்து ஊருக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

1989 வரைக்கும் திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை. வட ஆற்காடு மாவட்டத்தில் ஓர் ஊர். நமக்குத் தலைநகரம் வேலூர். அந்த வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் என்ற குழந்தை மருத்துவர், கிருமி ஆராய்ச்சி நிபுணர், ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். வாயில் விடும் போலியோ சொட்டு மருந்து, மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று தவணையில் தருகிற பாதுகாப்பை நம் ஊர்க் குழந்தைகளுக்கு அதே மூன்று தவணையில் தருவதில்லை. "சொட்டு மருந்து கொடுத்தும் கால் போச்சே" என்று தாய்மார்கள் அழுதது பொய்யில்லை என்று ஆயிற்று.

என்ன செய்வது? இன்றைக்கு ஒரு குழந்தை, அடுத்த வாரம் இன்னொன்று என்று கொடுக்காமல், ஊரிலுள்ள சின்னக் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்துவிடுவது. மாத இடைவெளி விட்டு மறுபடியும் எல்லோருக்கும் கொடுப்பது. அப்படிச் செய்தால் ஊர் முழுக்க மருந்திலுள்ள சாதுக் கிருமி பரவி, பொல்லாத கிருமிக்குத் தங்க இடமில்லாமல் போய்விடும். இதற்குத்தான் 'பல்ஸ்' முறை என்று பெயர். நாடித்துடிப்பு மாதிரி விட்டு விட்டு, ஆனால் மொத்தமாக. 1980-களின் தொடக்கத்தில் வேலூர் நகரத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 1983-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பெரிய மருத்துவப் பத்திரிகையில் அந்த முடிவு வெளிவந்தது.

இங்கேதான் கிளப் வருகிறது. டாக்டருக்கு மருந்து தெரியும். ஆனால் ஒரே நாளில் ஒரு ஊரின் குழந்தைகளையெல்லாம் திரட்ட மருந்து தெரிந்தால் போதுமா? மருந்து வெயில் பட்டால் கெட்டுப் போகும். ஐஸ் பெட்டி வேண்டும், ஐஸ் வேண்டும். ஜீப்போ காரோ வேண்டும். தெருத் தெருவாகப் போய் "அம்மா, ஞாயித்துக்கிழமை குழந்தையைத் தூக்கிட்டு வாங்க" என்று சொல்ல ஆள் வேண்டும். மேஜை, நாற்காலி, பந்தல் வேண்டும். நம் ஊர்க் கடைக்காரரிடமும் மில் முதலாளியிடமும் வாத்தியாரிடமும் இருப்பதெல்லாம் இவைதானே! வேலூர் ரோட்டரி சங்கம் டாக்டரோடு கைகோத்தது. டாக்டரே அந்தச் சங்கத்து உறுப்பினர்தான்.

இதே காலத்தில் உலக அளவிலும் ரோட்டரிக்காரர்கள் போலியோவைக் கையில் எடுத்திருந்தார்கள். 1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து. 1985-ல் 'போலியோ பிளஸ்' என்று உலகத் திட்டம். 12 கோடி டாலர் வசூலிக்க நினைத்தார்கள். 1988-க்குள் 24 கோடிக்கு மேல் சேர்ந்துவிட்டது. அந்த வருஷம் உலகத்தில் சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ. 1995 டிசம்பரில் நம் நாடு முழுக்கப் 'பல்ஸ் போலியோ' தொடங்கியது. குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? வேலூர்த் தெருக்களில் ஒத்திகை பார்த்த முறைதான் அது. 2009-ல்கூட இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27-ம் தேதி இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. அன்று டி.வி.யில் செய்தி கேட்டபோது தம்பி வீட்டில்தான் இருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்போ இனிமே சொட்டு மருந்து வேணாமாக்கா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுப் பெண். வேண்டும், கட்டாயம் வேண்டும்! பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் உலவுகிறது. விமானம் ஏறி வர அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. பிறந்தவுடன் ஒரு தரம், பிறகு ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரங்களில் சொட்டு மருந்து. ஆறாவது, பதினாலாவது வாரங்களிலும் ஒன்பதாவது மாதத்திலும் போலியோ ஊசி. ஒன்றரை வயசு வாக்கில் மறுபடி சொட்டு மருந்து. அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். அவள் குழந்தைக்கு அடுத்த மாதம் ஊசி பாக்கி இருப்பது அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது! இன்னொன்று: பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கையோ காலோ தொய்ந்துபோனால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மலத்தை இரண்டு தரம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அது போலியோதானா இல்லையா என்று பார்ப்பதற்காக, பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு சொற்பொழிவு எத்தனை தூரம் போகும் என்பதற்கு வேறொரு கதையும் உண்டு. 1925 ஜூன் 30. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் லயன்ஸ் சங்கத்தாரின் மாநாடு. சிறப்பு விருந்தினர் ஹெலன் கெல்லர், கண்ணும் தெரியாத காதும் கேளாத அம்மையார். அவர் தம் கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்துவிட்டுப் போகவில்லை. பார்வையற்றவர்களுக்காக நீங்கள் போராட வேண்டும் என்று நேரடியாகக் கேட்டார். கேட்டார் பாருங்கள், அதுதான் விஷயம்! அன்று பிடித்துக்கொண்டதை லயன்ஸ்காரர்கள் இன்றுவரை விடவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் 'இலவசக் கண் சிகிச்சை முகாம்' என்று பேனர் கட்டியிருந்தால் அதில் ஏதாவது ஒரு கிளப்பின் சின்னம் இருப்பது அதனால்தான்.

கண் முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் போட்டுப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ஆபரேஷன் இலவசம் என்றாலும் ஏழைகள் வருவதில்லை. ஏன்? பஸ் காசு யார் தருவது? மூன்று நாள் சாப்பாடு? துணைக்கு வருகிறவரின் கூலி போய்விடுமே? புரை விழுந்த பாட்டி "எனக்கென்னத்துக்கு இந்த வயசுல கண்ணு" என்று சொல்வாளே, அது வேண்டாம் என்பதல்ல. மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதுதான் அது. ஆகவே ஆபரேஷனோடு பஸ், சாப்பாடு எல்லாமே இலவசம் என்று ஏற்பாடாயிற்று. ஊரில் விளம்பரம், இடம், சாப்பாடு போன்ற பொறுப்பை உள்ளூர்ச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. கிளப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

எல்லாக் கிளப் வேலையும் இப்படி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஒரு சங்கத்தார் ஒரு விதவைப் பெண்ணுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். மெஷினைத் தொட்டுக்கொண்டு பதினெட்டுப் பேர் நின்ற போட்டோ. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவள் அதன்மேல் பானை அடுக்கி வைத்திருக்கிறாள். "தைக்கத் தெரியாதும்மா. யாரும் கேக்கலியே." ஒரு மாதம் தையல் கற்றுக்கொடுத்திருந்தால் போதும். அந்தப் போட்டோவில் என் வீட்டுக்காரரும் உண்டு. வீட்டில் ரொம்பக் கேலி செய்தாயிற்று.

ஆண்கள் மட்டும் கூடிய இடத்தில் இந்த மாதிரிக் கேள்விகள் எழாமல் போனதில் ஆச்சரியமில்லை. ரோட்டரி 1905-ல் சிகாகோவில் ஒரு வக்கீல், ஒரு கரி வியாபாரி, ஒரு சுரங்க என்ஜினீயர், ஒரு தையல்கடைக்காரர் என்று நாலு பேர் கூடித் தொடங்கியது. ஒவ்வொருவர் ஆபீஸிலும் சுற்று முறையில் கூடினார்கள். அதனால்தான் அந்தப் பெயர். மனைவிமார் வெளியிலேயே நின்றார்கள். 1923 நவம்பரில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் மார்கரெட் கோல்டிங் என்ற நர்ஸ், ரோட்டரிக்காரர்களின் வீட்டுப் பெண்களைக் கூட்டினார். எங்கே தெரியுமோ? ஒரு குளியல் விடுதியில்! 27 பேர் வந்தார்கள். மறு வருஷம் ஜனவரி 10-ம் தேதி 'இன்னர் வீல்' பிறந்தது. இப்போது நம் தமிழ்நாட்டு ஊர்களிலும் அது இருக்கிறது. ரோட்டரியிலேயே பெண்கள் உறுப்பினராகலாம் என்று விதி மாறியது 1989-ல்தான். லயன்ஸில் 1987-ல். ஆகவே "கிளப் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் ஒதுங்கி நிற்கக் காரணமே இல்லை.

சிகாகோக்காரர்கள் ஊருக்கென்று முதன்முதலில் எடுத்த வேலை என்ன என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. பொதுக் கழிப்பிடம்! நகராட்சியிடம் 1907-லிருந்து வற்புறுத்தி அதை வரவழைத்தார்கள். திருவண்ணாமலைப் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். பௌர்ணமி ராத்திரி பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் வருகிற பெண்களைப் பாருங்கள். நடுவில் போக வேண்டி வந்துவிடுமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் எத்தனை பேர்! அதில் கர்ப்பிணிகள் உண்டு, சர்க்கரை வியாதிக்காரர்கள் உண்டு. சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் நீர்க்கடுப்புக்கு வழி. பாதையில் கழிப்பிடங்கள் கட்டியிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் லட்சக்கணக்கில் வருகிற ராத்திரியில் உள்ளே தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? வழியில் மோர், அன்னதானம் கொடுக்க நூறு பேர் வருவார்கள். கழிப்பிடத்துக்கு வாளித் தண்ணீர் கொண்டுவைக்க யாரும் பொன்னாடை போடமாட்டார்கள்.

இதைத்தான் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். "நீயே வந்து சொல்லேன்" என்றார் அவர், கொஞ்சம் சீண்டலாக. அடுத்த வாரம் மகப்பேறு டாக்டர் ஒருவர் பேச வருகிறாராம். வழக்கம்போலக் காலையில் கோயில், சாயங்காலம் மீட்டிங். நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் போகிறோம், குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான். பேச்சு முடிந்து நன்றியுரைக்கு முன்னால் கேட்க வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டாக்டரிடம் ஒன்று: கிரிவலம் வரும் கர்ப்பிணிகளுக்கு நாங்கள் என்ன செய்து தரலாம்? சங்கத்தாரிடம் ஒன்று: வருகிற பௌர்ணமிக்கு யார் யார் வருகிறீர்கள், எத்தனை வாளி?

மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "விளக்குமாறையும் சேர்த்து எழுது" என்றார்.